பேய்க்கு ஜாதகம் எழுத வேண்டுமா? ஸ்லாஷர் வில்லன்களும் அவர்களுடைய பின்கதைகளும்

நடுநிசி_ரசிகன்:

ஒரு கொலைகாரன் ஆட்களை ஒவ்வொருவராகத் துரத்திக் கொல்கிற 'ஸ்லாஷர்' வகைத் திகில் படங்களில் ஒன்றான ஹாலோவீன் வரிசையை ஒரே வாரத்தில் பார்த்து முடித்தேன். 1978இல் வந்த முதல் படத்திலிருந்து 1995இல் வந்த ஆறாவது வரைக்கும். மூன்றாவதில் முகமூடிக் கொலைகாரன் மைக்கேல் மையர்ஸே கிடையாது என்பதால் அதைத் தாண்டிவிட்டேன், அதற்காக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். முடிவையெல்லாம் போட்டு உடைத்துத்தான் பேசப்போகிறேன், இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளுங்கள்.

முதல் படத்தில் மைக்கேலைப் பற்றி நமக்குத் தெரிவது இவ்வளவுதான்: ஆறு வயதில் அக்காவைக் குத்திக் கொன்றான், பதினைந்து வருடம் மனநல மருத்துவமனையில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தான், ஒரு ராத்திரி தப்பித்து ஊருக்குத் திரும்பினான். ஏன் கொன்றான் என்று யாரும் சொல்வதில்லை. அவனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் லூமிஸ் படம் முழுக்க அவனைப் பற்றியேதான் பேசுகிறார், ஆனால் கவனித்துக் கேட்டால் அவ்வளவு பேச்சுக்கும் சாரம், இவனை எனக்கே புரியவில்லை, வெளியே விட்டுவிடாதீர்கள் என்பதுதான். பெயர்ப் பட்டியலில்கூட முகமூடி போட்டவனை 'தி ஷேப்', அதாவது வெறும் உருவம் என்று போட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தையே எனக்கு உதறல் எடுக்க வைத்தது.

அப்புறம் 1981இல் இரண்டாம் பாகம் வந்து, முதல் படத்தில் அவன் துரத்திய லோரி இவனுடைய தங்கையாம் என்கிறது. சரி, போகட்டும் என்று விட்டேன். ஐந்தாவதில் கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் பஸ்ஸிலிருந்து இறங்குகிறார், அவர் யார் என்று சொல்லாமலே படத்தை முடித்துவிடுகிறார்கள். ஆறு வருடம் கழித்து ஆறாவதில் பதில் வருகிறது: ஒரு ரகசியக் கூட்டம், தார்ன் என்ற பழங்காலச் சாபம், சொந்தக் குடும்பத்தையே பலி கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம், போதாததற்கு வானத்தில் நட்சத்திரங்கள் ஒரு மாதிரி கூடினால்தான் இவனுக்கு வேகம் வருமாம். பேய்க்கு ஜாதகம் எழுதிவிட்டார்கள்! அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முதல் படத்தில் மூச்சு விடவே பயந்தவன் நான்.

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். ஸ்லாஷர்மூலத்தையும் அதில் சேர்த்துவிடலாமா? விளக்கம் சொல்வதே தப்பா, இல்லை இவர்கள் சொன்ன விளக்கம்தான் மட்டமா? ஒழுங்காகச் சொல்லியிருந்தால் பயம் தங்கியிருக்குமா?

கடைசிப்பெண்:

விளக்கம் மட்டமா நல்லதா என்பது அப்புறம். அந்தத் 'தங்கை' விஷயம் உண்மையில் எதைக் கெடுத்தது என்று பாருங்கள்.

முதல் படத்தில் லோரி எப்படி அவன் கண்ணில் படுகிறாள்? காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில், வீட்டை விற்றுக் கொடுக்கிற தொழில் செய்யும் அப்பா சொன்னார் என்பதற்காக, பாழடைந்த மையர்ஸ் வீட்டு வாசலில் ஒரு சாவியை வைத்துவிட்டுப் போகிறாள். அவன் உள்ளே கதவுக்குப் பின்னால் நிற்கிறான். அவ்வளவுதான். வேறு யாராவது சாவியைக் கொண்டுவந்திருந்தால் அன்றைக்கு அவர்கள். அந்தப் படத்தின் மொத்தப் பயமும் அந்தச் சாவியில் இருக்கிறது, ஏனென்றால் நாமும் தினமும் எங்கேயாவது போய் எதையாவது வைத்துவிட்டு வருகிறோம்.

தங்கை என்று சொன்ன நிமிஷத்தில் இது குடும்பத் தகராறாகிவிட்டது. நான் அவன் தங்கை இல்லை, எனக்கும் அவனுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, அப்படியென்றால் நான் ஏன் கதவைப் பூட்டிவிட்டு இரண்டாம் முறை போய்ப் பார்க்க வேண்டும்? விளக்கம் வந்ததும் கொலைகாரனுக்கு ஒரு விலாசம் கிடைத்துவிடுகிறது, அது நம் விலாசம் இல்லை என்பதில் நமக்கு ஒரு நிம்மதி. பயமுறுத்த வேண்டிய படம் செய்யக் கூடாத காரியம் அதுதான்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. முதல் படத்தைத் தொலைக்காட்சியில் போடுவதற்கு நீளம் போதவில்லை என்று, இரண்டாம் பாகம் எடுத்துக்கொண்டிருந்த சமயத்திலேயே சில காட்சிகளைப் புதிதாக எடுத்துச் சேர்த்தார்கள். அதில் மைக்கேல் தப்பித்துப் போன அறையின் கதவில் 'சிஸ்டர்' என்று கீறி வைத்திருக்கிறது. ஆக, பின்னால் தோன்றிய யோசனை பின்பக்கமாக வந்து முதல் படத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டது. நல்ல வேளையாக அந்தப் பதிப்பை நான் முதலில் பார்க்கவில்லை.

தூக்கம்_தொலைத்தவன்:

கடைசிப்பெண் சொன்ன சாவி விஷயத்தை முழுக்க ஏற்கிறேன். ஆனால் அதை வைத்து விளக்கமே ஆகாது என்று சட்டம் போட்டால் கனவில் வந்து கொல்கிற ஃப்ரெடி க்ரூகரை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்?

1984இல் வெஸ் கிரேவன் எடுத்த 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' என்ற முதல் படத்திலேயே ஃப்ரெடிக்கு முழுப் பின்கதை உண்டு. கதாநாயகி நான்சியின் அம்மா அவளை அடித்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள்: பிள்ளைகளைக் கொன்றவன், பிடிபட்டான், வாரண்டில் கையெழுத்து சரியான இடத்தில் இல்லை என்பதற்காக வெளியே வந்துவிட்டான், அதனால் தெருவில் இருந்த பெற்றோர் எல்லோரும் சேர்ந்து அவனை உயிரோடு கொளுத்தினார்கள். சொல்லி முடித்துவிட்டு அந்தக் கத்தி வைத்த கையுறையைத் துணிப்பொதியிலிருந்து எடுத்துக் காட்டுகிறாள், இத்தனை வருடமும் அதை அந்த வீட்டிலேயே வைத்திருந்திருக்கிறாள்! விளக்கம் வந்தபிறகு பயம் இரண்டு மடங்காகிறது, குறைவதில்லை. அதுவரை கனவில் வருகிறவன் மட்டும்தான் ஆபத்து. அந்தக் காட்சிக்குப் பிறகு விழித்திருக்கும்போது சோறு போடுகிறவர்களையும் நம்ப முடியாது. அம்மா சாராய பாட்டிலும் கையுமாக இருப்பதற்கும் ஜன்னலுக்குக் கம்பி போடுவதற்கும் அப்போதுதான் அர்த்தம் புரிகிறது.

ஆகையால் என் கட்சி இது: அவன் ஏன் இப்படி ஆனான் என்று சொல்வதும், அவனை இப்படி ஆக்கியவர்கள் யார் என்று சொல்வதும் வேறு வேறு. இரண்டாவது நம் பக்கம் விரல் நீட்டுகிறது. முதலாவது அவனுடைய டைரியைப் படிக்கச் சொல்கிறது. அதே ஃப்ரெடியை 1991இல் வந்த ஆறாவது படத்தில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். சின்ன வயதில் வெள்ளெலியை அடித்துக் கொன்றான், வளர்ப்பு அப்பா பெல்ட்டால் அடித்தார், எரியும்போது கனவுப் பிசாசுகள் மூன்று வந்து வரம் கொடுத்தன, அவனுக்கு ஒரு மகளும் உண்டு... இது முழுக்க அவனுடைய சொந்த விவகாரம். பெற்றோர் செய்த பாவம் எங்கேயோ போய்விட்டது. பிசாசுகள் புழு மாதிரி நெளிந்துகொண்டு வருவதை முப்பரிமாணக் கண்ணாடி போட்டு வேறு பார்க்கச் சொன்னார்கள்.

ஒரு துணுக்கு: அமெரிக்காவுக்கு அகதிகளாக வந்த தென்கிழக்கு ஆசியக் குடும்பங்களில் இளைஞர்கள் சிலர் தூக்கத்திலேயே இறந்துபோனார்கள், காரணம் தெரியவில்லை என்று வந்த பத்திரிகைச் செய்திகள்தான் கிரேவனுக்குப் பொறி. அவரைத் தொந்தரவு செய்தது அந்தக் 'காரணம் தெரியவில்லை'தான். அவரே அதற்கு ஒரு காரணம் கட்டினார், அதுவும் நன்றாகவே நின்றது. விளக்கத்தில் குற்றமில்லை, கட்டுகிற கையைப் பொறுத்தது.

வாடகை_கேசட்:

இவ்வளவு சீரியஸாகப் பேசுகிறீர்களே, ஹாக்கி முகமூடிக் கொலைகாரன் ஜேசனைப் பற்றி யாராவது யோசித்தீர்களா? 1980இல் வந்த முதல் ஃப்ரைடே தி தர்ட்டீன்த் படத்தில் கொலைகாரி அவனுடைய அம்மா, அவன் 1957இலேயே ஏரியில் மூழ்கிப் போன சின்னப் பையன். மறு வருடமே இரண்டாம் பாகத்தில் தலையில் சாக்கு மாட்டிக்கொண்டு ஆறடி ஆளாக வந்து நிற்கிறான். மூழ்கவில்லையா? மூழ்கவில்லையென்றால் இத்தனை வருடம் அம்மாவிடம் போகாமல் காட்டில் என்ன செய்துகொண்டிருந்தான்? யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை, படங்கள் ஓடின. உலகமே தெரிந்து வைத்திருக்கிற அந்த ஹாக்கி முகமூடிகூட மூன்றாவது படத்தில் ஒரு குறும்புக்காரப் பையனிடமிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டது. ஒரு தத்துவமும் கிடையாது.

1986இல் வந்த ஆறாவதில் எப்படி உயிர்த்தெழுகிறான்? செத்துவிட்டானா என்று உறுதி செய்துகொள்வதற்காகக் கல்லறையைத் தோண்டிப் பார்க்கிறார்கள், ஆத்திரத்தில் இரும்புக் கம்பியைக் குத்துகிறார்கள், கம்பியில் மின்னல் விழுகிறது, எழுந்து நடந்துவிடுகிறான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்கு அந்த வரிசையில் மிகவும் பிடித்த படம் அதுதான். 1993இல் அறிவு வந்துவிட்டது அவர்களுக்கு. இதயத்தைத் தின்றால் உடம்பு விட்டு உடம்பு தாவுவான், அவன் குடும்பமான வூர்ஹீஸ் ரத்தம் ஓடுகிறவரால்தான் கொல்ல முடியும், அதற்கென்று தனிக் கத்தி, இதுவரை யாருமே சொல்லாத ஒரு தங்கச்சி. இந்தப் படங்களில் எழுத்தாளருக்குக் கதை தீர்ந்துவிட்டால் உடனே ஒரு தங்கச்சி பிறந்துவிடுகிறாள், கவனித்தீர்களா? ஸ்க்ரீம் மூன்றாம் பாகத்தில் மட்டும் ஆண்பிள்ளையாகப் பிறந்துவிட்டது.

பழைய_ப்ரொஜெக்டர்:

எல்லோரும் எழுத்தாளர்களை அடிக்கிறீர்கள். கொஞ்சம் அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள்.

மூன்று லட்சம் டாலர் சொச்சத்தில் எடுத்த முதல் ஹாலோவீன் படம் கோடிக்கணக்கில் வசூல் செய்துவிட்டது, இரண்டாம் பாகம் வேண்டும் என்கிறார்கள். முதல் படமோ முடிந்துபோன படம். ஆறு தோட்டா வாங்கி மாடியிலிருந்து விழுந்தவன் புல்வெளியில் இல்லை, காலி அறைகளை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்கள், மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது. இதற்குமேல் என்ன சொல்ல இருக்கிறது? ஆனாலும் அவன் திரும்ப வர வேண்டும், அதே பெண்ணைத் துரத்த வேண்டும். அதே பெண் என்றதும் ஏன் அதே பெண் என்ற கேள்வி தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. முதல் படத்தை எடுத்த ஜான் கார்ப்பெண்டர் பீரைக் குடித்துக்கொண்டு அந்தத் திரைக்கதையை எழுதியதாகவும் தங்கை யோசனை தவறு என்றும் பிற்பாடு பேட்டிகளில் அவரே சொல்லிவிட்டார். வேறு என்ன செய்திருப்பார் என்று எனக்கும் தெரியவில்லை.

என் சந்தேகம் வேறு. விளக்கம் பயத்தைக் கொல்லவில்லை, பழக்கம்தான் கொன்றது. விளக்கமே இல்லாமல் ஆறு படம் எடுத்திருந்தாலும் ஆறாவதில் மைக்கேலைப் பார்த்து நீங்கள் கை அசைத்திருப்பீர்கள். ஃப்ரெடியையே எடுங்கள், அவன் கோமாளியானது கனவுப் பிசாசுகளால் இல்லை. அதற்கு முன்பே நான்காவது படத்தில் கொலைக்கு ஒரு ஜோக் என்று அடித்துக்கொண்டிருந்தான், குழந்தைகள் அவன் பொம்மையை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே செத்த பயத்தின் மேல்தான் இவர்கள் பின்கதையைக் கட்டினார்கள். பிணத்துக்கு அலங்காரம் செய்தவனைக் கொலைகாரன் என்று சொல்வது நியாயமில்லை.

கடைசிப்பெண்:

பழைய_ப்ரொஜெக்டர், பழக்கம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே காரணம் என்றால் ரீமேக்கில் அது வேலை செய்யக் கூடாதே, அங்கே எல்லாம் புதிதாகத் தொடங்குகிறது. 2007இல் ராப் ஸாம்பி எடுத்த ஹாலோவீனைப் பாருங்கள். ஏறத்தாழப் பாதிப் படம் மைக்கேலின் சிறுவயதுதான்: வீட்டில் வசவு, பள்ளிக்கூடத்தில் அடி, பிராணிகளைச் சித்திரவதை செய்வது. அந்தப் பையனைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது, அந்தப் பகுதி தனியாக நல்ல படமும்கூட. அப்புறம் வளர்ந்து முகமூடி போட்டுக்கொண்டு வந்ததும் எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. கோபக்கார ஆள், கையில் கத்தி. 1978இல் அவன் சாதாரண வீட்டுப் பையன், வெளியே போயிருந்த அப்பாவும் அம்மாவும் காரிலிருந்து இறங்கி வந்து முகமூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு சாதுவான முகம். அந்த முகத்துக்கும் கையில் இருக்கிற கத்திக்கும் நடுவில் எதுவுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததைத்தான் ஸாம்பி நாற்பது நிமிஷத்துக்கு மேல் எடுத்து நிரப்பினார்.

இதைவிட அப்பட்டமான உதாரணம் பிளாக் கிறிஸ்மஸ். 1974 படத்தில் கொலைகாரன் பில்லி போனில் வெறிபிடித்த மாதிரி பல குரலில் உளறுவான், பில்லி என்றும் ஆக்னஸ் என்றும் பெயர்கள் வரும், என்னவோ ஒரு வீட்டில் என்னவோ நடந்திருக்கிறது என்று மட்டும் புரியும். முகத்தைக்கூடக் காட்டவில்லை, கதவிடுக்கில் ஒரு கண். 2006 ரீமேக்கில் அந்த உளறலை எடுத்து ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பிளாஷ்பேக் எழுதிவிட்டார்கள். கல்லீரல் கோளாறால் மஞ்சளான தோல், கொடுமைக்கார அம்மா, ஆக்னஸ் யாருக்குப் பிறந்தவள் என்பதுவரை. கிழிந்த கடிதத்தின் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டிப் படித்துக் காட்டினால் அது ஒரு மட்டமான கடிதம் என்று தெரிந்துபோகிற மாதிரி.

தூக்கம்_தொலைத்தவன்:

சரி, ரீமேக் விஷயத்தில் தோற்றேன். ஆனால் விளக்கம் என்றால் பிளாஷ்பேக்தான் என்று ஏன் வைத்துக்கொள்கிறோம்? 1974இன் டெக்சாஸ் செயின் சா மசக்கர் படத்தில் கொலைகாரன் லெதர்ஃபேஸ் மூன்றாவது ஆளை அடித்துப் போட்டதும் ஜன்னல் பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். யார் இவர்கள், இன்னும் எத்தனை பேர் வீட்டுக்குள் வருவார்கள் என்று பதறுகிற மாதிரி. ஒரு வசனம் இல்லை. அவனுக்கும் பயம் என்று தெரிந்த பிறகு எனக்குக் கூடுதலாகத்தான் நடுங்கியது, பயந்த ஆள் என்ன வேண்டுமானாலும் செய்வான். கசாப்புக் கூடத்தில் வேலை போன குடும்பம் என்பதையும் வழியில் வண்டியில் ஏறுகிறவன் பேச்சுவாக்கில் சொல்லிவிடுகிறான், நாம்தான் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். 2006இல் எடுத்த முன்கதை அவன் 1939இல் கசாப்புக் கூடத்துத் தரையிலேயே பிறந்தான் என்று காட்டியது. சேர்த்துப் புரிந்துகொள்கிற வேலையும் நம்மிடமிருந்து போயிற்று.

அப்புறம் சைக்கோ. 1960 படத்தின் கடைசியில் மனநல மருத்துவர் வந்து கரும்பலகைப் பாடம் மாதிரி எல்லாவற்றையும் விளக்குகிறார், பலருக்கு அந்தக் காட்சி பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். அவர் பேசி முடித்ததும் கேமரா போய்க் கொலைகாரன் நார்மன் முன்னால் நிற்கிறது, அவன் அம்மா குரலில் தனக்குள் பேசிக்கொண்டு சிரிக்கிறான். டாக்டர் சொன்ன அவ்வளவும் சரியாக இருக்கலாம், அதனால் அந்தச் சிரிப்பில் ஒரு குறையும் ஏற்படவில்லை.

நடுநிசி_ரசிகன்:

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. உங்கள் பேச்சைப் படித்துவிட்டு நேற்று 2018இல் வந்த ஹாலோவீனையும் போட்டேன். முதல் படத்தைத் தவிர மீதி எல்லாவற்றையும் அழித்துவிட்டு எடுத்தது. தங்கை விவகாரத்தை, சும்மா ஜனங்கள் கிளப்பிவிட்ட கதை என்று ஒரே வரியில் குப்பையில் போடுகிறார்கள், நான் எழுந்து கைதட்டினேன். அதைவிட, அந்தப் படத்தில் மைக்கேலைப் புரிந்துகொள்ள வருகிறவர்களைக் கவனித்தீர்களா? ஒலிப்பதிவுக் கருவியோடு வருகிற இரண்டு செய்தியாளர்கள் முகமூடியை அவன் முதுகுக்குப் பின்னால் நீட்டி ஏதாவது பேசு என்கிறார்கள், அப்புறம் ஒரு கழிவறையில் செத்துப் போகிறார்கள். அந்தப் புது டாக்டர் அவனை ஒரு வார்த்தை பேசு என்று கெஞ்சுகிறார், கிடைப்பது தலைமேல் கால். விளக்கம் கேட்டவர்களை வரிசையாகத் தீர்த்துக் கட்டுகிறான். எடுத்தவர்களுக்கு நம் பிரச்சினை தெரிந்திருக்கிறது.

தெரிந்திருந்தும் 2021இல் அடுத்த படத்தின் முடிவில் லோரியை வைத்து, அவன் கொல்லக் கொல்ல மனிதன் என்ற நிலையையே தாண்டிப்போகிறான் என்று பிரசங்கம் வைத்துவிட்டார்கள். கை சும்மா இருக்காது போலிருக்கிறது.

பழைய_ப்ரொஜெக்டர் சொன்ன பழக்கம் என்பதை மட்டும் இன்னும் முழுசாக ஏற்க முடியவில்லை. முதல் படத்தை இதோடு நான்காவது முறை பார்க்கிறேன், அந்தச் சாவிக் காட்சியில் இன்னும் வயிற்றில் என்னவோ செய்கிறது.

பழைய_ப்ரொஜெக்டர்:

அதே படத்தை நான்கு முறை பார்ப்பதும் அதே ஆளை ஆறு படத்தில் பார்ப்பதும் ஒன்றா? முதலாவதில் அவன் ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் வருகிறான். சரி விடுங்கள், அந்த 1974 பிளாக் கிறிஸ்மஸைப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு சண்டை போடலாம்.

நடுநிசி_ரசிகன்:

பார்த்துவிட்டேன். போலீஸ் தப்பான ஆளைக் குற்றவாளி என்று முடிவு கட்டிவிட்டு அந்தப் பெண்ணை வீட்டில் தூங்க வைத்துவிட்டுப் போகிறது, பரணில் இருக்கிறவனை யாரும் ஏறிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் போன் அடிக்கிறது. பெயர்ப் பட்டியல் ஓடும்போதும் அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. என் போனை சைலண்டில் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.